கூழுக்கு ஓர் அத்தாட்சி

ஒரு பானையில் இருப்பது சாராயமா சாப்பாடா என்று கண்டுபிடிக்க ஒரு மூக்கு இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் சட்டம் படிக்காதவர்கள். படித்தவர்களுக்கு இந்தக் காரியத்துக்கு ஒரு ஜீப், ஒரு அரசாணை, கொஞ்சம் அரக்கு, இரண்டு நாள் அவகாசம் எல்லாம் வேண்டும். மூக்கு வேண்டியதில்லை.

அர்ச்சுனனும் சட்டம் படித்தவன் அல்ல. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆறு மைல் நடந்தால் வருகிற மலைக் கிராமம் அவனுடையது. கொஞ்சம் சாமை, ஏழு புளியமரம், மனைவி கெங்கம்மாள், செல்லி என்று பத்து மாதப் பெண் குழந்தை. மதுவிலக்கு திரும்பவும் அமலுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. அவன் குடிப்பதில்லை.

ஒரு திங்கட்கிழமை உச்சிவேளையில், புளி உலுக்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கெங்கம்மாள் தலையில் கூழ்ப்பானையோடு போய்க்கொண்டிருந்தாள். அன்று மாதக் கடைசி. கள்ளச்சாராய ஒழிப்புத் தனிப்பிரிவு மலையேறி வந்திருந்தது. அந்த மாதத்துக்கு ஐந்து பானை பிடித்தாக வேண்டும். நாலு கிடைத்திருந்தது. ஜீப்பில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஐந்தாவதைக் கண்டார்.

"இன்னாது இது?"

"கூழு சாமி."

"நுரைக்குதே?"

"நேத்து கரைச்சது சாமி. புளிச்சா நுரைக்கும்."

"புளிச்சிருக்குன்னு நீயே ஒத்துக்கிற."

"புளிக்காத கூழ எவன் சாமி குடிப்பான்? வேணும்னா நீங்களே ஒரு வாய் குடிச்சிப் பாருங்க."

அதிகாரி இரண்டடி பின்னால் போனார். முதல் வாக்கியம் ஒப்புதல் வாக்குமூலமாகவும், இரண்டாவது வாக்கியம் கடமையில் இருக்கும் அதிகாரிக்குப் போதைப்பொருள் கொடுக்க முயன்ற தனிக் குற்றமாகவும் எழுதப்பட்டன. பானையின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, அரக்கு வைத்து, பானையையும் கெங்கம்மாளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குழந்தை வீட்டில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அது விழித்த பிறகு யாரும் தூங்கவில்லை. ஆட்டுப்பால் கொடுத்தார்கள், துப்பியது. பக்கத்து வீட்டுக்காரி மார் கொடுத்துப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. விடிவதற்குள் அர்ச்சுனன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து, முதல் பஸ் பிடித்து மலையிறங்கி, டவுனில் தனிப்பிரிவு அலுவலகத்து வாசலில் போய் நின்றான். லாக்கப் கதவுக்கும் அவனுக்கும் பத்தடி தூரம்தான். உள்ளே இருந்தவள் குழந்தையின் குரலைக் கேட்டுவிட்டாள்.

"மாமா, புள்ளய குடுக்கச் சொல்லு மாமா! மாரு கட்டிக்கினு உயிர் போவுது!"

அர்ச்சுனன் அதிகாரியைக் கும்பிட்டான். "சாமி, ஒரு வாட்டி பால் குடிச்சிட்டா போதும் சாமி."

அதிகாரி நல்ல மனிதர். மேசையிலிருந்த தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். "கைது பண்ணவங்க பட்டியல்ல கொழந்த பேரு இல்லையே. குத்தம் பண்ணாதவங்கள லாக்கப்புல வெக்க நமக்கு அதிகாரம் கெடையாது. அது அக்கிரமம் இல்லையா?"

அக்கிரமம்தான் என்று அர்ச்சுனன் ஒப்புக்கொண்டான்.

"ஆனா வழி இருக்கு," என்றார் அதிகாரி. "பானையில இருக்கிறது கூழுன்னு அத்தாட்சி கொண்டா. அஞ்சு மணிக்குள்ள மாஜிஸ்ட்ரேட் கிட்ட வெச்சிடறேன். இன்னிக்கே வூட்டுக்கு இட்டுகினு போகலாம். இல்லன்னா பதினஞ்சு நாள் ரிமாண்டு."

"மோந்து பாத்தாலே தெரியுங்களே சாமி. நீங்க ஒரு வாய்..."

"நானா?" அதிகாரி வாயிலிருந்த கிராம்பை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றினார். "நல்லா யோசி. நான் ருசி பாத்து அது சாராயமா இருந்துட்டா நான் குத்தவாளி. சாராயம் இல்லன்னு வெச்சுக்குவோம். அது சாராயம் இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? சாராயம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதே! இந்த ஜில்லாவுல சட்டப்படி சாராயம் படக்கூடிய நாக்கு பெர்மிட் வெச்சிருக்கிற நாக்குதான். மதராஸ் லேபுக்கு அனுப்பினா மூணு மாசம் ஆகும். அதனாலதான் சர்க்கார் நல்ல ஏற்பாடு பண்ணியிருக்கு. மணிக்கூண்டுக்கு எதிர்ல சந்திரபிம்பம்னு ஓட்டல். மாடியில பெர்மிட் ரூம். அங்க இருக்கிற மாஸ்டர் நாக்குதான் ஜில்லாவுக்கே அதிகாரபூர்வமான நாக்கு."

பானையை ஜீப்பில் அனுப்ப முடியாது. ஜீப்புக்குப் பானை பிடிக்கப் போவதற்குத்தான் பெட்ரோல் உண்டு. கான்ஸ்டபிளையும் அனுப்ப முடியாது. உடுப்போடு பெர்மிட் ரூமுக்குள் போவது குற்றம், உடுப்பைக் கழற்றிவிட்டுப் போனால் அவர் கான்ஸ்டபிள் இல்லை. எனவே கெங்கம்மாளுக்கு எதிரான சாட்சியத்தைக் கெங்கம்மாளின் புருஷனே தலையில் தூக்கிக்கொண்டு போனான். இடுப்பில் குழந்தை. கூழ் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரைத்தது. முதல் நாள் கூழ் பசிக்கு நல்லது. இரண்டாம் நாள் நாக்கில் சுறுக்கென்று ஏறும். மூன்றாம் நாளைப் பற்றி மலையில் யாரும் உத்தரவாதம் தருவதில்லை. துணி இப்போதே உப்பியிருந்தது.

சந்திரபிம்பம் ஒரே ஓட்டல் அல்ல. மதராசில் இரண்டு, கோயம்புத்தூர், மதுரை, சேலம் என்று பல ஊர்களில் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி சிவப்பு பல்பு. வாசலில் தலைப்பாகையும் பித்தளைப் பொத்தானுமாகக் காவல்காரன் சேட்டு நின்றிருந்தான். மணிக்கூண்டில் பன்னிரண்டு அடித்தது.

"பெர்மிட் கீதா?"

"இன்னா பெர்மிட்டுங்க?"

"குடிக்காம இருந்தா செத்துப் போய்டுவன்னு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு."

"எனுக்குக் குடிக்கிற பழக்கமே இல்லீங்களே."

சேட்டுவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நல்லா கீற ஆளையெல்லாம் உள்ள வுட்டா என் வேல போய்டும்யா. இது நோயாளிங்களுக்கு மட்டும்தான்."

அர்ச்சுனன் அரக்கு முத்திரையைக் காட்டினான். சேட்டு ஒரு பெரிய பதிவேட்டை எடுத்தான். அதில் இரண்டே பத்திகள்: நோயாளி, சரக்கு. பானை சரக்கு, அதில் சிக்கல் இல்லை. சரக்கு தானாக மாடி ஏறாது என்பதால் அதைத் தூக்கி வருகிற ஆளைச் சரக்கோடு சேர்த்து உள்ளே விடலாம். குழந்தைதான் இடித்தது. பெர்மிட் வாங்க முப்பது வயதாவது ஆக வேண்டும், எனவே அது நோயாளி ஆக முடியாது. அது எதையும் தூக்கி வரவும் இல்லை. சேட்டு நெடுநேரம் யோசித்து எழுதினான்: சரக்கு, இரண்டு உருப்படி.

உள்ளே நுழைந்ததும் அர்ச்சுனனுக்குக் கண் தெரியவில்லை. ஜன்னல்களிலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. மூலையில் யாரோ இருமினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கைகூப்பி, "மாலை வணக்கம்," என்றார்.

அர்ச்சுனனுக்கு ஐந்து மணிக் கெடு நினைவுக்கு வந்தது. "மணி இன்னாங்க?"

"ஏழு."

எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம் ஏழு காட்டியது. அர்ச்சுனன் பானையை அப்படியே தரையில் வைத்துவிட்டு, குழந்தையோடு மாடிப்படி இறங்கித் தெருவுக்கு ஓடினான். வெயில் மண்டையைப் பிளந்தது. மணிக்கூண்டு பன்னிரண்டே கால் காட்டியது. அவன் திரும்பவும் ஏறி வந்தான். அவன் வாழ்நாளில் இவ்வளவு பயந்ததில்லை. யானை துரத்தியபோதுகூட.

வெள்ளைச் சட்டைக்காரர்தான் மேனேஜர் பாண்டுரங்கன். அவர் சிரித்தார்.

"பயப்படாதய்யா. எங்க கம்பெனியில எப்பவும் மணி ஏழுதான். எந்த ஊர் கிளைக்குப் போனாலும், எத்தனை மணிக்குப் போனாலும் ஏழு. பகல்ல குடிக்கிறது கெட்ட பழக்கம் பாரு. எங்ககிட்ட ஒருத்தர்கூடப் பகல்ல குடிச்சது கெடையாது. அதுவும் இது குடிக்கிற எடமில்ல, வைத்தியம் பண்ற எடம். அதோ நாலு பேர் உக்காந்திருக்காங்களே, நாலு பேரும் டாக்டர் சர்ட்டிபிகேட் உள்ளவங்க. கதவு தெறந்ததிலேர்ந்து விடாம வைத்தியம் எடுத்துக்கிறாங்க. குணமாகி ஒருத்தராவது இங்க வர்றத நிறுத்திட்டார்னு சொல்லு பாப்போம்? ஒருத்தர்கூட இல்ல. அவ்வளவு நம்பிக்கை எங்க மேல."

நாலு நோயாளிகளில் ஒருவர் கதர்ச் சட்டை போட்டிருந்தார். நாலு மணிக்கு நகர மண்டபத்தில் மது ஒழிப்பு மாநாடு, அவர்தான் தலைமை. தொண்டை சரியாக இருக்க வேண்டுமே என்று வந்திருந்தார்.

"நாக்குல வெச்சிப் பாக்கிற ஐயா எங்கங்க?" என்றான் அர்ச்சுனன்.

மாஸ்டர் சின்னராசுவின் நாக்கு கம்பெனிச் சொத்து. காலை நேரத்தில் அதற்குக் கட்டாய ஓய்வு. இரண்டு மணிக்குத்தான் அது வேலைக்கு வரும். இரண்டு மணி ஆனது எப்படித் தெரியும் என்று அர்ச்சுனன் கேட்டான். "அவர் வந்தா தெரியும்," என்றார் பாண்டுரங்கன்.

அர்ச்சுனன் பானைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குழந்தை அழத் தொடங்கியது. முதலில் பசிக்கு அழுதது, பிறகு அழுகைக்கே அழுதது, கடைசியில் சத்தம் வராமல் வாய் மட்டும் கோணியது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவன் பானையைப் பார்த்தான். துணி இன்னும் ஒரு விரல்கடை உயர்ந்திருந்தது. உள்ளே களக் களக் என்று ஏதோ நடந்துகொண்டிருந்தது. கூழாக உள்ளே வந்தது, காத்திருந்து காத்திருந்து இவர்கள் சொல்வதாகவே ஆகிவிடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அவனால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. பானைக்கு விசிறினான்.

சின்னராசு வந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி முடிச்சு, மெலிந்த மனிதர். முத்திரையைச் சரிபார்த்து, கத்தியால் துணியைக் கீறினார். புஸ்ஸென்று காற்று போய், நுரை பொங்கி விளிம்பில் வழிந்தது. பாண்டுரங்கன் கண்கள் மின்னின. "இந்த மாதிரி எழும்புறதுக்குப் பாரின் சரக்கு வேணுமே!"

சின்னராசு நீளக் காம்பு வைத்த கிளாசில் கொஞ்சம் ஊற்றி, பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மோந்தார். ஒரு சொட்டை நாக்கில் விட்டு, கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து கிளாசைக் காலி செய்தார். இன்னொரு கிளாஸ் ஊற்றினார்.

"வெங்காயம் கீதா?" என்றார் மெதுவாக.

அர்ச்சுனன் மடியிலிருந்து நாலு சின்ன வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும் எடுத்துக் கொடுத்தான்.

"எந்த ஊருங்க ஐயாவுக்கு?"

"சந்தவாசலு. மலையடிவாரம்தான்." வெங்காயத்தைக் கடித்தார். "கேவுரு மாவு, சாமை நொய்யி. நொய்ய நல்லா வேக வெச்சிருக்காங்க. யாரு காச்சினது?"

"என் பொஞ்சாதிங்க. அதுக்குத்தான் உள்ள வெச்சிருக்காங்க."

சின்னராசு மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

வாசனை மற்ற மேசைகளுக்கும் போயிருந்தது. கதர்ச் சட்டைக்காரர் முதலில் எழுந்து வந்து கிளாசை நீட்டினார். கூழ் கேட்டு வருகிறவனை இல்லை என்று அனுப்பினால் அடுத்த வருஷம் சாமை கதிர் பிடிக்காது என்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அர்ச்சுனன் சாட்சியத்தை அள்ளி அள்ளி ஊற்றினான். நாலு நோயாளிகளும் நின்றபடி குடித்தார்கள். "நாலு வருஷமா வைத்தியம் எடுத்துக்கிறேன்," என்றார் ஒருவர், "இன்னிக்குத்தான்யா எனக்குப் பசி எடுக்குது."

குழந்தை மறுபடி வீறிட்டது. அர்ச்சுனன் யோசிக்கவே இல்லை. பால் மறக்கடிக்கும் குழந்தைகளுக்கு மலையில் எல்லோரும் செய்கிற மாதிரி, பானையில் மேலாகத் தெளிந்திருந்த தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து அதன் வாயில் விட்டான். ஆட்டுப்பாலைத் துப்பியது இதைச் சப்புக்கொட்டிக் குடித்தது. ஏழெட்டு வாய் குடித்து, ஏப்பம் விட்டு, அவன் தோளில் சாய்ந்து தூங்கியது.

"இதுக்கு மேல இன்னா சார் சோதனை?" என்றார் சின்னராசு. பாண்டுரங்கன் அதற்குள் பதிவேட்டைத் திறந்து, "முதல் உருப்படியில் ஒரு பகுதி இரண்டாம் உருப்படிக்குள் சென்றது," என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அத்தாட்சிப் படிவம் வந்தது. மதராஸ் தலைமை அலுவலகத்தில் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து அச்சடித்தது. அதில் மூன்று கட்டங்கள்: உயர்தரச் சாராயம், நடுத்தரச் சாராயம், மட்டச் சாராயம்.

"எதுல டிக் போடறது சார்? இது கூழு."

"மூணுல ஒண்ணு போடுப்பா. பாவப்பட்ட ஆளு, மட்டம்னு போட்டு வுடு. தண்டனை கொறையும்," என்றார் பாண்டுரங்கன்.

சின்னராசு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தூங்குகிற குழந்தையைப் பார்த்தார். கழுத்திலிருந்த முடிச்சைத் தளர்த்திக்கொண்டார். மூன்று கட்டங்களையும் குறுக்கே அடித்தார். அதன் கீழே கொட்டை எழுத்தில் எழுதினார்: "இது கூழ். மனிதர்கள் சாப்பிடுவது. நானும் சாப்பிட்டேன்." கையெழுத்துப் போட்டார்.

பாண்டுரங்கன் முகம் இருண்டது. ஆனாலும் நாக்கு சொன்னால் சொன்னதுதான், கம்பெனி விதி. முத்திரை குத்தி, தேதி எழுதி, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து நேரத்தையும் எழுதிக் கொடுத்தார். அர்ச்சுனனுக்குப் படிக்கத் தெரியாது. சின்னராசுவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். வாசலில் சேட்டுவையும் ஒரு தடவை படிக்கச் சொன்னான். "கூழுன்னுதான்யா போட்டுக்கீது, ஓடு," என்றான் சேட்டு. அர்ச்சுனன் ஓடினான். அந்த வெயிலில், அடியில் கொஞ்சம் கூழோடு பானையும் தோளில் குழந்தையுமாக, சிரித்துக்கொண்டே ஓடினான்.

மூன்றரை மணிக்கு அதிகாரி அத்தாட்சியை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"கூழுதான்னு தெளிவா எழுதியிருக்கு. எனக்கு ரொம்ப சந்தோஷம்."

"சாமி!"

"ஆனா சோதனை நடந்த நேரம் மாலை ஏழு மணின்னு இருக்கே. இப்ப மூணரை."

"அங்க எப்பவும் ஏழுங்க சாமி. நடந்து முடிஞ்சிடுச்சி. நானே பாத்தேன்."

"நீ பாத்துட்ட. சட்டம் இன்னும் பாக்கலையே. இன்னும் நடக்காத சோதனைய மாஜிஸ்ட்ரேட் முன்னால வெச்சா என்னைப் பத்தி என்ன நெனைப்பார்? ஏழு மணி ஆகட்டும், இந்தக் காகிதம் தங்கம். தாராளமா செல்லும்."

"அப்ப ஏழு மணிக்கு வர்றேங்க சாமி."

"வா. ஆனா அவர் அஞ்சு மணிக்கு எழுந்து போயிடுவார். அஞ்சு மணிக்குள்ள அத்தாட்சி வரலன்னா ரிமாண்டு. அத காலையிலேயே சொல்லிட்டேன். நான் ஒளிச்சி மறைச்சிப் பேசுறவன் இல்ல."

அர்ச்சுனன் மேசைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கெங்கம்மாள் உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பானையை எட்டிப் பார்த்தார். "பாதிக்கு மேல காணமே?"

நாலு நோயாளிகள் பெர்மிட் உள்ளவர்கள். அவர்கள் குடித்தது செல்லும். சின்னராசு குடித்தது அரசாங்க வேலை. கணக்கில் வராமல் இருந்தது ஏழெட்டு வாய். அதிகாரி சந்திரபிம்பத்துக்குப் போன் போட்டு விசாரித்தார். போனை வைத்துவிட்டுத் தூங்குகிற குழந்தையைப் புதிய மரியாதையோடு பார்த்தார்.

"அப்ப வழக்குச் சொத்து இதோட வயித்துல இருக்கு. அத வெளிய வுட முடியாது. காவல்லதான் வெக்கணும்." பேனாவைத் திறந்து பட்டியலில் எழுதினார். "குத்தவாளியோடவே வைக்கலாம். அதுக்கு விதி இருக்கு."

மலைக்காரன் கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தார். அர்ச்சுனன் எழுந்து, குழந்தையை எடுத்து, தானே லாக்கப் கம்பிக்குள் நீட்டினான். கெங்கம்மாள் அதை வாங்கி, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குழந்தை கண்ணைத் திறக்காமலே குடித்தது.

ஐந்தரை மணிக்கு அவளைச் சப்-ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அர்ச்சுனன் கூடவே நடந்தான். வாசலில் அவள் நின்றாள்.

"உலுக்கின புளிய அள்ளி உள்ள போடு மாமா, மழை வந்தா கெட்டுப் போய்டும். சாப்புடாம கெடக்காத."

"உம்."

"அழுவாத. நீ அழுதா இதுவும் அழுவும்."

கதவு சாத்தப்பட்டது. வார்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அர்ச்சுனன் போகவில்லை. அவரிடம் கேட்டான்:

"ஐயா, உள்ள காலைல சாப்புட இன்னாங்க குடுப்பாங்க? பால் குடுக்கிற பொம்பளைங்க அவ."

"கவலைப்படாத. கூழு. முந்தா நாளே கரைச்சி வெச்சிடுவோம். நல்லா புளிச்சி, நுரை கட்டி, சுறுக்குனு இருக்கும். சர்க்கார் கூழு, கொற சொல்ல முடியாது. தெனம் பெரிய ஆபீசர் வந்து ஒரு டம்ளர் குடிச்சிப் பாத்து, நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்ட பொறவுதான் கைதிங்களுக்கு ஊத்துவோம்."

அர்ச்சுனன் கதவையும் வார்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவருக்குப் பெர்மிட்டு கீதுங்களா?"

வார்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களை நினைத்தால் அவருக்குச் சில சமயம் வருத்தமாகவே இருக்கும்.

"கூழு குடிக்க எதுக்குய்யா பெர்மிட்டு?" என்றார்.